பறக்காதவர்களும் போய்வந்த மீனம்பாக்கம்!

காணாமல்போன மெட்ராஸ்

சென்னையில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது ஏர்போர்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் "மீனம்பாக்கம்" என்பார்கள். ஆனால் இன்று பயணிகள் ஏறி இறங்கும் முனையங்கள் இருப்பது திரிசூலத்தில். அந்தப் பேச்சை நம்பி மின்சார ரயிலில் மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டால், பெட்டியை இழுத்துக்கொண்டு அடுத்த ஸ்டேஷன் வரை நடக்க வேண்டியதுதான்!

எண்பதுகளிலேயே முனையம் இடம் மாறிவிட்டது. பழைய கட்டடம் சரக்குப் போக்குவரத்துக்குப் போனது. ஆனாலும் மக்கள் வாயில் பெயர் மாறவில்லை. அந்தப் பெயர் இவ்வளவு அழுத்தமாக ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், விமானத்தில் பறந்தவர்கள் மட்டுமல்ல. வாழ்நாளில் ஒருமுறைகூடப் பறக்காதவர்களும் குடும்பத்தோடு போய்வந்த இடம் அது.

முதலில் வந்தது தபால் பை

மெட்ராஸுக்கு முதலில் விமானத்தில் முறையாக வந்துபோனது பயணிகள் அல்ல, கடிதங்கள். 1932 அக்டோபர் 15-ம் தேதி கராச்சியிலிருந்து தபால் பைகளோடு ஒரு சிறிய விமானத்தை பம்பாய் வரை ஓட்டிவந்தார் ஜே.ஆர்.டி.டாடா. அங்கிருந்து பெல்லாரி வழியாக அந்தத் தபாலை மெட்ராஸுக்குக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். பின்னாளில் ஏர் இந்தியாவாக வளர்ந்த சேவையின் தொடக்கப் பாதையிலேயே நம் ஊரும் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் தபாலுக்கு மவுசு குறையவில்லை. 1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் சேவை தொடங்கியது. மெட்ராஸ், பம்பாய், டெல்லி, கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் கிளம்பும் விமானங்கள், நாட்டின் நடுவில் இருக்கும் நாக்பூரில் கூடும். அங்கே பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் தத்தம் ஊருக்குத் திரும்பிவிடும். வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் வரத் தாமதமானாலே பதறும் இன்றைய தலைமுறைக்கு, ஒரு கடிதத்துக்காக நான்கு விமானங்கள் நள்ளிரவில் சந்தித்துக்கொண்டது சினிமாக் கதைபோலத் தோன்றலாம்.

பஞ்சும் மிட்டாயும்

அந்தக் காலத்தின் நாயகன் டகோட்டா விமானம். முன்பக்கம் இரண்டு பெரிய சக்கரங்கள், வாலில் ஒரு குட்டிச் சக்கரம். அதனால் தரையில் நிற்கும்போது மூக்கை உயர்த்திக்கொண்டு நிற்கும். பின்பக்கக் கதவு வழியாக ஏறி முன் இருக்கைக்குப் போகிறவர்கள், சின்ன மேடு ஏறுவதுபோல நடக்க வேண்டும்.

உள்ளே காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் வசதி கிடையாது. மேலே ஏற ஏறக் காது அடைக்கும். அதனால்தான் காதில் வைக்கப் பஞ்சும், எச்சில் விழுங்க மிட்டாயும் கொடுத்தார்கள். காது அடைப்புக்கான மருந்தாகக் கொடுத்த அந்த மிட்டாயைச் சாப்பிடாமல் சட்டைப்பையில் வைத்திருந்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தவர்கள் உண்டு. 'ஏரோப்ளேன் மிட்டாய்' என்று தெரு முழுக்கப் பெருமை பேசப்பட்டது!

1957-ல் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வைக்கவுன்ட் விமானங்கள் வந்தன. காற்றழுத்த வசதி கொண்டவை, பெரிய நீள்வட்ட ஜன்னல்கள் கொண்டவை. காது அடைப்பு குறைந்தது. ஆனால் மிட்டாய்த் தட்டு மட்டும் பழக்கமாகிப்போய் இன்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

மாடத்திலிருந்து ஒரு டாட்டா

பழைய மீனம்பாக்கம் நிலையத்தில் பார்வையாளர் மாடம் ஒன்று உண்டு. சின்னத் தொகைக்கு ஒரு சீட்டு வாங்கினால் போதும், வழியனுப்ப வந்தவர்கள் அங்கே நின்று விமானம் கிளம்பும்வரை பார்க்கலாம்.

அப்போது கட்டடத்தையும் விமானத்தையும் இணைக்கும் மூடிய பாலங்கள் இல்லை. பயணிகள் வெயிலில் இறங்கி, தளத்தில் நடந்து, படிக்கட்டு ஏறித்தான் உள்ளே போக வேண்டும். அதனால் மாடத்தில் நிற்கும் அம்மாவுக்கு, அந்தக் கூட்டத்தில் தன் பிள்ளை எது என்று தெரியும். அவன் கடைசிப் படியில் ஏறி, திரும்பி நின்று கை காட்டுவான். மேலே முந்தானை கண்ணுக்குப் போகும். பழைய தமிழ்ப் படங்களில் கதாநாயகன் வெளிநாடு கிளம்பும் காட்சியில் இதை அப்படியே பார்க்கலாம். அது சினிமாக்காரர்களின் கற்பனையே இல்லை, அன்றாடம் நடந்ததுதான்.

எழுபதுகளில் வளைகுடா வேலைக்கு ஆட்கள் கிளம்பத் தொடங்கியபோது மாடம் இன்னும் நிறைந்தது. ஒருவர் பறக்க, ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். தாத்தா, பாட்டி, மாமன், மச்சான், கைக்குழந்தையோடு மனைவி, தூக்குவாளியில் புளியோதரை. வீட்டில் போன் இல்லாத காலம். கிளம்பினால் அடுத்த கடிதம் வரும்வரை சேதி கிடையாது. இரண்டு வருடம் கழித்துத்தான் முகம் பார்க்கப்போகிறோம் என்று தெரிந்தவர்களுக்கு, அந்தக் கடைசி ஐந்து நிமிடம் பெரிய விஷயம். மாடம் அதைக் கொடுத்தது.

யாரையும் வழியனுப்ப இல்லாதவர்களும் வந்தார்கள். பரீட்சை லீவில் ஊரிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய பட்டியலில் மெரினாவுக்கு அடுத்து ஏரோப்ளேன் இருந்தது.

1984-ன் அந்த இரவு

அந்தத் திறந்த காலத்தின் மேல் ஒரு கரிய கோடு விழுந்தது. 1984 ஆகஸ்ட் 2-ம் தேதி இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. கொழும்பு விமானத்தில் ஏற்றுவதற்காகக் கொண்டுவரப்பட்ட பெட்டிகளில் இருந்த குண்டு, நிலையத்துக்குள்ளேயே வெடித்ததில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலானவர்கள் இலங்கைப் பயணிகள். அன்று குடும்பத்தாரைப் பறிகொடுத்தவர்களுக்கு மீனம்பாக்கம் என்ற பெயர் வேறொரு நினைவு.

அந்த ஆண்டுகளில் விமானக் கடத்தல்களும் குண்டு மிரட்டல்களும் உலகம் முழுக்க விமான நிலையங்களின் கதவுகளை இறுக்கின. புதிய முனையங்கள் வந்தன. காமராஜர் பெயரில் உள்நாட்டு முனையம், அண்ணா பெயரில் பன்னாட்டு முனையம். 2023-ல் கோலமும் கோயில் வேலைப்பாடும் கலந்த பிரம்மாண்டமான புதிய முனையம் திறக்கப்பட்டது. வசதிக்குக் குறைவில்லை. ஆனால் டிக்கெட்டும் அடையாள அட்டையும் இல்லாத பாட்டி, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும். காரிலிருந்து பெட்டியை இறக்கும்போதே பார்க்கிங் நேரம் ஓடத் தொடங்கிவிடுகிறது.

பாதுகாப்புக்கு அது தேவைதான். யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனாலும் இழந்தது என்ன என்று தெரிந்துகொள்வதில் தவறில்லை.

உயிர் காலேஜும் மூர் மார்க்கெட்டும்

மீனம்பாக்கம் மட்டும் அல்ல. அந்தக் கால மெட்ராஸில், கையில் அதிகம் காசில்லாமல் ஒரு நாளைக் கழிக்க இடங்கள் நிறைய இருந்தன.

சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கியதும் பக்கத்திலேயே இரண்டு அதிசயங்கள். ஒன்று, பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சி சாலை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் தொடங்கிவைத்த விலங்குக் கூட்டம்தான் பின்னர் அங்கே போனது. மெட்ராஸ் ஜனங்கள் இவை இரண்டுக்கும் வைத்த பெயர்கள் அபாரம். உயிருள்ள மிருகங்கள் இருக்குமிடம் 'உயிர் காலேஜ்', பாடம் செய்த மிருகங்கள் இருக்கும் மியூசியம் 'செத்த காலேஜ்'!

இன்னொன்று, 1900-ல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட். சிவப்புக் கட்டடம், உள்ளே நுழைந்தால் தனி உலகம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, புறா, லவ் பேர்ட்ஸ், வண்ண மீன், பொம்மை என்று கிடைக்காத பொருள் இல்லை. கடைக்காரர் பத்து ரூபாய் என்றால் இரண்டு ரூபாயில் பேரத்தைத் தொடங்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். வாங்காமல் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பாடப்புத்தகம் வாங்க வசதியில்லாத எத்தனையோ மாணவர்களைப் படிக்கவைத்தவை அங்கிருந்த பழைய புத்தகக் கடைகள்.

இரண்டுமே ஒரே ஆண்டில் கண்ணைவிட்டு மறைந்தன. 1985 மே 30-ம் தேதி மூர் மார்க்கெட்டில் தீப்பிடித்தது. அதே ஆண்டு மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போனது. மார்க்கெட் இருந்த இடத்தில் ரயில்வே கட்டடமும் புறநகர் ரயில் நிலையமும் எழுந்தன. கடை இழந்த வியாபாரிகள் அருகிலேயே அல்லிக்குளம் வணிக வளாகத்துக்குப் போனார்கள். ஆனால் சென்ட்ரலில் இறங்கியதும் தானாகவே உள்ளே திரும்பிய கூட்டம், வளாகத்தைத் தேடி அதே அளவுக்குப் போகவில்லை.

ஒரு காபி, ஒரு மதியம்

கதீட்ரல் சாலையில் 1962-ல் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலை நினைக்காத மெட்ராஸ்காரர் இல்லை. காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடலாம், ஜன்னலில் தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். கார் இல்லாதவர்களுக்கும் அங்கே இடம் இருந்தது. ஒரு காபி சொல்லிவிட்டு மணிக்கணக்கில் உட்காரலாம். விற்பனைப் பிரதிநிதிகள் ஆர்டர் புத்தகத்தை நிரப்பினார்கள். சினிமாக்காரர்கள் கதை பேசினார்கள். 2008-ல் அது மூடப்பட்டு, 2010-ல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. மரங்கள் தப்பின, காபி தப்பவில்லை.

அண்ணா சாலையில் 1964-ல் வந்த சஃபையர் வளாகத்தில் மூன்று தியேட்டர்கள். அதில் ப்ளூ டயமண்டில் தொடர் காட்சி. எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், படம் முடிந்து மறுபடி ஓடினாலும் உட்கார்ந்திருக்கலாம். வெயிலுக்கு ஒதுங்கி ஏ.சி-யில் தூங்கியவர்களும், இன்டர்வியூ நேரம்வரை பொழுதைக் கழித்தவர்களும் ஏராளம். வேலை தேடி வந்த இளைஞனுக்கு இந்த நகரம் கொடுத்த ஓய்வறை அது.

பெயர் மட்டும் மிச்சம்

இடங்கள் போனாலும் பெயர்கள் போகவில்லை. 1973-ல் திறந்த மேம்பாலத்துக்கு அதிகாரபூர்வப் பெயர் அண்ணா மேம்பாலம். ஆட்டோக்காரருக்கு அது இன்றும் ஜெமினி. ஸ்டூடியோவைப் பார்த்தே இராத கல்லூரிப் பெண்ணும் "ஜெமினிகிட்ட இறங்கணும்" என்கிறார். சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையத்தின் சுருக்கப் பெயர் எம்.எம்.சி. விரித்தால் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்! கும்மிடிப்பூண்டிக்கும் அரக்கோணத்துக்கும் தினமும் ரயில் ஏறுகிறவர்கள், எரிந்துபோன ஒரு மார்க்கெட்டின் பெயரைத்தான் தாண்டிப் போகிறார்கள்.

இந்த இடங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரியும். ஐந்து ரூபாய் வைத்திருப்பவரும் ஐயாயிரம் வைத்திருப்பவரும் ஒரே வாசல் வழியாக உள்ளே போனார்கள். இன்று நகரத்தில் மால்களும் மல்ட்டிபிளெக்ஸ்களும் எத்தனையோ இருக்கின்றன. செலவு செய்யாமல் இரண்டு மணி நேரம் உட்கார இடம் தேடினால், மெரினாவையும் சில பூங்காக்களையும் நூலகங்களையும் விட்டால் சொல்ல அதிகம் இல்லை.

அடுத்த விமான நிலையம்

இப்போது சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் வரப்போகிறது. காஞ்சிபுரம் அருகே பரந்தூரில் அமையும் என்று 2022 ஆகஸ்ட்டில் அறிவிக்கப்பட்டது. நெரிசலில் திணறும் நகரத்துக்கு அது தேவை என்கிறது அரசு. வயலும் ஏரியும் வீடும் போய்விடும் என்று ஏகனாபுரம் உள்ளிட்ட கிராம மக்கள் எதிர்க்கிறார்கள். நகரத்துக்காரர்களுக்குப் பழைய ஏர்போர்ட் ஒரு மலரும் நினைவு. அந்தக் கிராமத்துக்காரர்களுக்கோ, பிறந்து வளர்ந்த ஊரே நினைவாக மாறிவிடுமோ என்ற பயம். மூர் மார்க்கெட்டையும் டிரைவ்-இன்னையும் நினைத்துப் பெருமூச்சு விடும் சென்னைவாசிகளுக்கு அந்தப் பயம் புரியாமல் போகக் கூடாது.

இன்னும் இருக்கிறது ஒரு மாடம்

விமானம் பார்க்க ஆசைப்படும் குட்டீஸ் உங்கள் வீட்டில் இருந்தால், பரங்கிமலைக்கு அழைத்துப்போகலாம். மின்சார ரயிலும் மெட்ரோவும் நிற்கும் பரங்கிமலை நிலையத்தில் இறங்கி, மலைமேல் இருக்கும் தேவாலயம் வரை ஏறினால், கீழே ஓடுபாதை விரிந்து கிடக்கும். கீழிறங்கும் விமானத்தின் சக்கரம் தரையைத் தொடுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதற்குச் சீட்டு கிடையாது.

போகும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். மலைமேல் உட்காரவைத்து, "மீனம்பாக்கத்துல நீங்க யாரை வழியனுப்புனீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் நான்கைந்து விமானங்கள் இறங்கியிருக்கும்.