பெட்டியைப் பிரிங்க சாமி!

போன மாசம் எதிர்வீட்டு ஆச்சி சாமான் அறையைத் திறந்தாங்க. செட்டிநாட்டுப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது என்னன்னு சொல்லவே வேணாம். எங்க அமராவதிபுதூர்லயும் பெரிய வீடுகள்ல பின்கட்டுப் பக்கம் இப்படி ஒரு அறை இருக்கும். கல்யாணத்துக்கு வந்த சீர் சாமான் அத்தனையும் எண்ணி, நோட்டுல எழுதி, அடுக்கி, பூட்டி வெச்சிருப்பாங்க. பித்தளை அண்டா, எவர்சில்வர் தூக்கு, பர்மா, மலாயாவுல இருந்து கப்பல்ல வந்த பீங்கான், ஸ்வீடன் எனாமல் வாளின்னு பார்த்துக்கிட்டே இருக்கலாம்.

ஆச்சிக்கு எண்பது தாண்டிடுச்சு. பிள்ளைங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல. "இனிமே யாருப்பா இதைத் தேய்க்கிறது, கொடுத்துடலாம்"னு முடிவு பண்ணிட்டாங்க. நான் ஏணி பிடிக்கப் போனேன். மேல் தட்டுல ஒரு எனாமல் அடுக்குக் கேரியர். உள்ள சுத்தின காகிதம்கூட எடுக்கலை. ஆச்சி அதைக் கையில வாங்கி ரெண்டு நிமிஷம் பார்த்தாங்க. "இதுல ஒரு நாளாவது சோறு வெச்சிருந்தா, இன்னார் சாப்பிட்டதுன்னு சொல்லிக் கொடுத்திருக்கலாம். இதைப் பத்தி சொல்றதுக்கு எனக்கே ஒன்னும் இல்லையே"ன்னாங்க.

சாயங்காலம் ஒரு குட்டியானை வண்டி வந்து, எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிடுச்சு. அந்தத் தெருவுல பழைய சாமான் கடைகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், இந்த மாதிரி எத்தனை அறைங்க அங்க வந்து சேர்ந்திருக்குன்னு.

வீட்டுக்கு வந்து என் பீரோ மேல பார்த்தேன். 43 பெட்டி. எல்லாம் பிளாஸ்டிக் கார், லாரி கிட். அதுல 31 பெட்டி நான் இன்னும் பிரிக்கவே இல்லை. சுருக்குன்னு இருந்தது.

இந்தப் பொழுதுபோக்கு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி சொல்லிடறேன். பெட்டிக்குள்ள கார் இருக்காது. சட்டம் போட்ட மாதிரி பிளாஸ்டிக் கொப்புகள்ல இன்ஜின், சீட்டு, கதவு, ஸ்டியரிங்குன்னு துண்டு துண்டா தொங்கும். நாமதான் வெட்டி, அரம் போட்டு, ஒட்டி, பெயின்ட் அடிச்சு, டீக்கல் ஒட்டி வண்டியாக்கணும். காருக்கு 1/24, 1/25 அளவு ரொம்பப் பழக்கம். நம்ம அம்பாசிடரை 1/24ல செஞ்சா 18 சென்டிமீட்டர் வரும். இத்தாலேரி கம்பெனியோட லாரிகளும் 1/24தான். பழைய ஏர்ஃபிக்ஸ் கார்கள் 1/32. தமியாவோட ராணுவ வண்டிகள் 1/35.

ஏன் இப்படிச் சேர்த்து வைக்கிறோம்னு கேட்டா, ஒரு நியாயமான காரணம் உண்டு. நம்ம ஊர்ல இது சுலபமாக் கிடைக்கிற சாமான் இல்லை. நான் சிங்கப்பூர்ல வேலை பார்த்த காலத்துல மாசம் ஒன்னுன்னு வாங்கினேன், ஊருக்குப் போனா கிடைக்காதேங்கிற பயத்துல. அந்தப் பயமும் வீண் இல்லை. 2020 பட்ஜெட்ல பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 20 சதவீதத்துல இருந்து 60க்கு ஏத்தினாங்க. 2023ல அது 70 ஆச்சு. அளவு குறைச்ச மாடல் கிட்டும் சுங்கத்துல பொம்மைக் கணக்குலதான் வரும். அதனால 'கிடைக்கும்போது வாங்கி வை'ன்னு சொல்றது புரியுது. நான் சண்டை போடறது அதோட இல்லை. வாங்கி வெச்சுட்டு 'அப்புறம்'னு சொல்றோம் பாருங்க, அதோடதான்.

அந்த 'அப்புறம்'ஐ எனக்குப் புரிய வெச்சது ஒரு நண்பர். சிங்கப்பூர்ல என்கூட வேலை பார்த்தவர், கும்பகோணம் பக்கம். லாரின்னா உயிர். அவர்கிட்ட அறுபதுக்கு மேல கிட். ரிட்டயர் ஆனதும் உக்காந்து கட்டப் போறேன்னு சொல்லுவார். ரிட்டயர் ஆகறதுக்கு ரெண்டு வருஷம் இருக்கும்போதே மாரடைப்பு. போயிட்டார். அவர் வீட்டம்மா போன் பண்ணி, "தம்பி, இந்தப் பெட்டியெல்லாம் என்னன்னு எங்களுக்குத் தெரியலை, வந்து பார்க்கறீங்களா"ன்னு கேட்டாங்க. போய் ஒரு நாள் முழுக்க லிஸ்ட் எழுதினேன். கடைக்காரர் ஒருத்தர் மொத்தமா விலை பேசி அட்டைப்பெட்டியில அள்ளிக்கிட்டுப் போனார். சீல் உடைக்காத பெட்டிங்க, அதனால நல்ல விலைதான். ஆனா அந்த அறுபதுல எதை எடுத்தாலும் அவர் இல்லை. கடையில இருந்தது அவர் வீட்டுக்கு வந்தது, திரும்பக் கடைக்கே போச்சு, அவ்வளவுதான்.

ஒன்னைத் தவிர. ஒரு இத்தாலேரி வால்வோ லாரி, கேபின் மட்டும் பாதி ஒட்டியிருந்தார். வலது பக்கக் கதவுல பசை வழிஞ்சு, அது காயறதுக்குள்ள விரலை வெச்சிருக்கார். கட்டை விரல் ரேகை அப்படியே பிளாஸ்டிக்ல பதிஞ்சு இருக்கு. இந்த வேலையில இது பெரிய தப்பு, மணல் தாள் போட்டுத் தேய்ச்சு எடுக்கணும். கடைக்காரர் "இது வேணாம், பிரிச்சது"ன்னு ஒதுக்கிட்டார். நான் கேட்டு வாங்கிக்கிட்டேன். இப்ப என் மேசையில இருக்கு.

சரி, சேர்த்து வைக்கிறவங்க சொல்ற மத்த காரணங்களையும் பார்த்துடுவோம்.

முதல்ல, 'பிரிக்காம வெச்சா விலை ஏறும்'. சில பெட்டிக்கு ஏறும், மறுக்கலை. ஆனா கிட் எதுல இருந்து வருது? இரும்பு அச்சுல இருந்து. அந்த அச்சு கம்பெனியை விடக் கெட்டி. ஏர்ஃபிக்ஸ் 1981ல நொடிச்சது. அச்சுகள் பாலிடாய் கைக்குப் போச்சு, 1986ல ஹம்ப்ரால் கைக்கு, 2006ல ஹார்ன்பி கைக்கு. ஒவ்வொரு கையிலயும் பழைய கிட்டுகள் திரும்ப வெளிவந்தது. அமெரிக்காவுல ஏஎம்டி, எம்பிசி பழைய கார் கிட்டுகளை இப்ப ரவுண்ட் 2ங்கிற கம்பெனி வரிசையா மறுபடி போடுது. நீங்க தங்கம்னு பூட்டி வெச்ச வண்டி, ஒரு நாள் புது அட்டையோட, புது டீக்கலோட கடையில வந்து நிக்கும். அன்னிக்கு உங்க பெட்டி வெறும் பழைய பெட்டி.

ரெண்டாவது, 'பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கும்'. இதுதான் பெரிய ஏமாத்து. டீக்கல் வருஷம் போகப் போக மஞ்சளாகும், தண்ணியில போட்டா அப்பளமா நொறுங்கும். டயர் இன்னும் மோசம். மெத்து மெத்துன்னு இருக்கிற வினைல் டயர்ல கலந்திருக்கிற மிருதுவாக்கி கசிஞ்சு, அது தொட்டுக்கிட்டு இருக்கிற பாலிஸ்டைரீனை இளக்கிடும். போன வாரம் ஒரு பழைய அமெரிக்கக் கார் கிட்டைப் பிரிச்சேன், இருபது வருஷமா சீல் உடைக்காதது. டயர் பானட்டோட ஒட்டி, வட்டமா ஒரு பள்ளமே போட்டிருந்துச்சு. சிவகங்கைச் சீமை வெயில்ல பீரோ மேல வெச்சா வேற என்ன ஆகும்?

மூணாவது, 'கை நல்லாப் பழகினப்புறம் நல்ல கிட்டைத் தொடறேன்'. அய்யா, கை எதுல பழகும்? கட்டினாத்தான் பழகும். நடுவுல நாற்பது வயசுக்கு மேல வெள்ளெழுத்துன்னு ஒன்னு காத்துக்கிட்டு இருக்கு. எனக்கு வந்தாச்சு. டாஷ்போர்டுல ஊசி முனைப் புள்ளி வைக்கிற வேலையை இப்ப பூதக்கண்ணாடி இல்லாம செய்ய முடியலை. இருபது வருஷம் முன்னாடி கண் இருந்துச்சு, கிட்டும் இருந்துச்சு, நான்தான் பிரிக்கலை.

ஒரு விஷயம் ஒத்துக்கறேன். சேகரிக்கிறதே தப்புன்னு சொல்ல வரலை. டை-காஸ்ட் கார் சேர்க்கிறவங்க வேற ஜாதி, அது செஞ்சு முடிச்ச பொருள். கல்கத்தாவுல டிங்கி கம்பெனியோட பழைய அச்சுகளை வெச்சு 'நிக்கி டாய்ஸ்'னு உலோகக் கார் போட்டாங்க. அதை ஒருத்தர் அட்டைப்பெட்டியோட காப்பாத்தி வெச்சிருந்தா கும்பிடுவேன், அது நம்ம நாட்டுத் தொழில் சரித்திரம். தன்கிட்ட என்ன இருக்குன்னு தெரிஞ்சு, எழுதி வெச்சு, வீட்டுல இருக்கிறவங்களுக்கும் சொல்லி வெச்சு சேர்க்கிறவரும் நல்லவர்தான். ஆனா ஒட்டறதுக்குன்னே செஞ்ச ஒரு பொருளை ஒட்டாமலே பூட்டி வெச்சா, அது அந்தக் கேரியர் மாதிரிதான்.

இன்னொன்னு. வாங்கி அடுக்கறதுல மூழ்கிட்டா, நமக்கு நிஜமா வேண்டிய வண்டியை மறந்துடறோம். என் பீரோ மேல மஸ்டாங் மூணு இருக்கு. நான் வாழ்க்கையில ஒரு மஸ்டாங்ல ஏறினதில்லை.

எங்க அப்பா மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகத்துல டிரைவர். 1983ல காரைக்குடியைத் தலைமையிடமா வெச்சு ஆரம்பிச்ச கழகம் அது. 1997ல எல்லாக் கழகத்துக்கும் தலைவர்கள் பேரை எடுத்தப்ப அந்தப் பேரும் போயிடுச்சு. இப்ப அது கும்பகோணம் கோட்டத்துல காரைக்குடி மண்டலம். அந்த பஸ்ஸுக்கு எங்க கிட் இருக்கு? இருக்கவும் முடியாது. எண்ணூர்ல அசோக் லேலண்ட் கொடுக்கிறது சேஸிஸ்தான். பாடி கட்டறது வேற இடம், வேற ஆசாரி. கரூர்ல கட்டின பஸ்ஸும் நாமக்கல்ல கட்டின லாரியும் ஒன்னுக்கொன்னு அச்சு அசலா இருக்காது. இதுக்குப் போய் எந்த வெளிநாட்டுக் கம்பெனி லட்சக்கணக்குல செலவு பண்ணி அச்சு வெட்டும்?

ரெண்டு வருஷம் முன்னாடி நானே ஃபோம் ஷீட்டை வெட்டி 1/24ல ஒரு பஸ் கட்டினேன். பத்து மீட்டர் பஸ் 42 சென்டிமீட்டர் வந்துச்சு. சக்கரம் ஒரு லாரி கிட்ல இருந்து எடுத்தது. கேரளாப் பசங்க இப்படி ஃபோம் ஷீட்ல கட்டற பஸ்ஸைப் பார்த்தா என்னோடது சுமார்தான். அப்பாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கியர் ராடு இவ்வளவு நேரா இருந்தா என் முட்டி இடிக்குமேப்பா. கீழ வளைஞ்சு மேல வரும்."

"மாத்திடறேன்ப்பா."

"பானட்டு மேல துண்டு எங்க? அந்தச் சூட்டுல துண்டைப் போட்டுத்தான் டிபன் பாக்ஸை வெப்போம். மத்தியானம் சோறு சூடா இருக்கும்."

இதெல்லாம் எந்தப் போட்டோவுலயும் இல்லை. அந்தப் பஸ்ஸைக் கட்டலைன்னா அவரும் சொல்லியிருக்க மாட்டார், நானும் கேட்டிருக்க மாட்டேன். இப்ப அப்பாவுக்கு ஞாபகம் குறைஞ்சுக்கிட்டு வருது. போன பொங்கலுக்கு அதே பஸ்ஸைக் காட்டினா, "யாரு வண்டி இது?"ங்கறார். அதனாலதான் இந்த அவசரம். நம்ம வண்டிகளைத் தெரிஞ்சவங்க இருக்கும்போதே கட்டிடணும். அம்பாசிடர் 2014லயே நின்னாச்சு. அதை ஓட்டின டிரைவருங்க இன்னும் நம்ம தெருவுல இருக்காங்க.

கிட்லயே நம்ம வண்டி வேணும்னா கொஞ்சம் தேடணும். சென்னையில 1961ல இருந்து செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்து டிரையம்ப் ஹெரால்டுதானே. அதை ஏர்ஃபிக்ஸ் 1/32ல போட்டாங்க. நமக்குன்னு செய்யலை, ஆனா நம்ம வண்டி. பின்னாடி இங்க நாலு கதவு வெச்சாங்க. கிட்ல ரெண்டுதான், கதவுக் கோட்டை நாமதான் கீறிக்கணும். மகிந்திரா 1947ல கொண்டு வந்து பூட்ட ஆரம்பிச்ச வில்லீஸ் ஜீப்பு தமியாவுல 1/35ல கிடைக்குது. நட்சத்திரத்தை ஒட்டாம விட்டா நம்ம ஊர் ஜீப்புதான்.

நான் எனக்குப் போட்டுக்கிட்ட சட்டம் இதுதான். ரெண்டு கட்டினாத்தான் ஒன்னு வாங்கலாம். மஸ்டாங் மூணுல ரெண்டைத் தெருப் பசங்களுக்குக் கொடுத்தாச்சு. ஒருத்தன் விண்டுஷீல்டு பூரா பசையாக்கிட்டான், ஆனா விடிய விடிய உக்காந்து முடிச்சுட்டான். என் ஹெரால்டு கதவுக் கோடு கோணலா வந்திருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.

உங்க வீட்டுலயும் பீரோ மேல இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை ஒன்னை இறக்குங்க. ரொம்ப ஆசையா வெச்சிருக்கீங்களே, அதையே இறக்குங்க.

பி.கு: ஒட்டறதுக்கு பிளாஸ்டிக் மாடலுக்கான பசையே வாங்குங்க, அது ரெண்டு பக்கத்தையும் லேசா இளக்கி ஒன்னாச் சேர்க்கும். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டுச் செய்யுங்க. மஞ்சளான டீக்கலை ஜன்னல் கண்ணாடியில சில நாள் வெயில் படற மாதிரி ஒட்டி வெச்சா ஓரளவு வெளுக்கும். அப்புறம் மேல ஒரு கோட்டு கிளியர் அடிச்சுட்டுத் தண்ணியில போடுங்க, நொறுங்காது.