திருமேனியும் நம் மேனியும்



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையின் இருமருங்கும் கரிசல் நிலம். வானம் பார்த்த பூமி. அந்நிலத்தில் குனிந்து பருத்தி எடுத்தவர்களுக்கும், அருப்புக்கோட்டையில் தறிக்குழிக்குள் காலை இறக்கி ஆயுள் முழுதும் மிதி மிதித்தவர்களுக்கும் முதுமையில் மூட்டு வலிக்காமல் இருக்குமா?

சென்ற பிரதோஷத்தன்று திருச்சுழிக் கோயிலில் அத்தகைய முதியவர் ஒருவரைக் கண்டேன். நந்திக்கு அபிஷேகம் நடந்த நேரம் முழுவதும் தூணைப் பற்றிக்கொண்டே நின்றார். "வீட்டில் தைலம் தேய்த்துவிட யாருமில்லையா ஐயா?" என்று கேட்டேன். "மகன் தேய்த்துவிடுகிறேன் என்றுதான் சொல்கிறான். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. பிள்ளைக்கு ஏன் பாரமாக இருக்க வேண்டும்? எத்தனை நாளைக்கு இந்த உடம்பு!" என்றார்.

அவர் நின்ற சந்நிதியின் இறைவன் பெயரோ திருமேனிநாதர், அம்பிகை துணைமாலையம்மை. சுந்தரர் பாடிய இத்தலம், பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 14-இல் ஒன்று. இறைவன் திருமேனிக்கு நல்லெண்ணெய் சாத்தி மகிழ்கிற நாம், அவன் தந்த மேனியை வலியில் வாட விடலாமா?

இவ்வூரில்தான் 1879 டிசம்பர் 30 அன்று பகவான் ரமணர் அவதரித்தார். உடல் நானல்ல என்று தெளிந்த ஞானி அவர். ஆயினும் பிற்காலத்தில் திருவண்ணாமலையில் அவருக்கு முழங்கால் வாதம் கண்டபோது, அணுக்கத் தொண்டர்கள் தைலம் தடவிக் கால் பிடித்துவிடுவதை ஏற்றுக்கொண்டார். சில வேளை தாமே காலைத் தேய்த்துக்கொண்டு, அந்தப் புண்ணியத்தில் தமக்கும் பங்கு வேண்டாமா என்று வேடிக்கையாகக் கேட்பாராம். பணிவிடை செய்பவருக்குப் புண்ணியம் என்றால், அதை மறுப்பது அவருக்குரியதைத் தடுப்பதாகாதா?

சித்த மருத்துவம் இவ்வாறு உடம்பைப் பிடித்துவிடுவதைத் தொக்கணம் என்று கூறி, தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக ஒன்பது வகையாகப் பகுக்கிறது. தேய்ந்த மூட்டைத் தைலம் புதிதாக்கிவிடாது. ஆனால் வலிக்கு அஞ்சி இறுகிப்போன தசைகள் தளரும், நடை சற்று எளிதாகும், உறக்கமும் வரும்.

வீட்டில் செய்வதாயின், நல்லெண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள். தேய்ப்பவர் தம் மணிக்கட்டில் தடவிச் சூடு பார்க்க வேண்டும். நீரிழிவால் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது. மூட்டு எலும்பை அழுத்தாமல், அதன் மேலும் கீழும் உள்ள தசையை மென்மையாக நீவ வேண்டும். பத்து நிமிடம் போதும். பாதத்தில் எண்ணெயோடு எழுந்து நடக்கலாகாது. வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடும்.

எல்லா வலிக்கும் தேய்ப்பு ஆகாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சிவந்து வலித்தால் தொடவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். காய்ச்சல், புண், கீழே விழுந்த வலி ஆகியவற்றிற்கும் அப்படியே. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களும் எலும்பு மெலிந்தவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும்.

பகவானின் கதையை அம்முதியவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டு, முழங்காலிலும் சிறிது தடவிக்கொண்டார். புறப்படும்போது, "வருகிற சனிக்கிழமை மகனுக்கு விடுமுறைதான், சொல்லிப் பார்க்கிறேன்" என்றார்.

உங்கள் வீட்டிலும் அவ்வாறு கேட்டு நிற்கும் பிள்ளை இருந்தால், மறுக்காதீர்கள். திருமேனிநாதர் அருள்வாராக!