அரையே அரைக்கால்



போன வாரம் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். சிப்காட் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "நாப்பது பீஸ் ரிஜெக்ட் ஆயிடுச்சு சார். ரெண்டு நாள் சம்பளம் போச்சு" என்றான்.

நடந்தது இதுதான். வேலைக்கு வந்த வரைபடம் அங்குலக் கணக்கில் இருந்தது. தண்டின் விட்டம் 5/8 அங்குலம். மில்லிமீட்டருக்கு மாற்ற 25.4ஆல் பெருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். செல்போனை எடுத்து 0.58 என்று போட்டுப் பெருக்கியிருக்கிறான். 14.73 வந்தது. வந்திருக்க வேண்டியது 15.875. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. பருமன் கூடியிருந்தால் மறுபடி கடைந்து சரி செய்யலாம். குறைத்துக் கடைந்த இரும்பை வளர்க்க முடியுமா?

எனக்குச் சுருக்கென்றது. "பின்னத்தைத் தசமமாக மாற்றுக" என்றால் தொகுதியைப் பகுதியால் வகுத்து மூன்று இடம் வரை அழகாகப் போடுகிற பையன் அவன். நானே சரி போட்டு மார்க் கொடுத்திருக்கிறேன்.

"அஞ்சு நூல் கம்பின்னா எத்தனை எம்.எம்.?" என்று கேட்டேன்.

யோசிக்கவே இல்லை. "பதினாறு சார்" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

கொத்தனார், ஆசாரி, ஃபிட்டர் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். மூணு நூல் கம்பி என்றால் 10 எம்.எம்., நாலு நூல் என்றால் 12, அஞ்சு நூல் என்றால் 16. நம் பகுதிக்கு வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத்துப் பிள்ளைகள் இதையே 'சூத்' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கும் நூல் என்றுதான் பொருள். 5/8 என்பதே அந்த அஞ்சு நூல்தான் என்பதை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

இத்தனை வருடம் இடைநிலை ஆசிரியராக இருந்துவிட்டு இன்றைக்குச் சொல்கிறேன். வகுத்தலை நாம் முதலில் கற்றுக்கொடுக்கிறோம். அதைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். முதலில் பாதியாக்கக் கற்றுக்கொடுங்கள். அரை 0.5. அதில் பாதி கால், 0.25. அதில் பாதி அரைக்கால், 0.125. நம் சொல்லிலேயே வழி இருக்கிறது பாருங்கள்: அரைக்கால் என்றால் காலில் அரை. 5/8ஐ நம் பாட்டன்மார் அரையே அரைக்கால் என்றார்கள். 0.5 உடன் 0.125ஐக் கூட்டுங்கள், 0.625. இப்படிப் படித்த பிள்ளைக்கு 0.58 என்று எழுதக் கை வராது.

அடுத்தது இடமதிப்பு. 0.58 என்பது நூறில் ஐம்பத்தெட்டு. எட்டில் ஐந்து அல்ல. புள்ளியைப் பின்னக்கோட்டின் இன்னொரு வடிவம் என்று நினைத்துக்கொள்கிற பிள்ளைகள் ஏராளம். 125 பெரிய எண் என்பதால் 0.5ஐ விட 0.125 பெரிது என்பார்கள். வகுத்தல் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளையும் இதில் தடுக்கி விழும்.

"நாடே மெட்ரிக்குக்கு மாறிவிட்டது, இன்னும் எதற்கு அங்குலம்?" என்று கேட்பீர்கள். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா வந்தது. ஓர் அணா 6.25 பைசா; கால் பைசாவுக்குக் காசு இல்லாததால் 6 என்று வைத்தார்கள். அணா போய் இத்தனை காலம் ஆகியும் எட்டணா என்ற சொல் போகவில்லை. அதுபோலத்தான் அரை இஞ்ச் குழாயும் மூணு நூல் கம்பியும். நம் பிள்ளைகள் வேலை செய்வது இரண்டு கணக்கும் புழங்குகிற இடத்தில்.

"செல்போன் இருக்கிறதே" என்றும் சொல்வீர்கள். அவன் கையிலும் இருந்தது. போட்டதை அது சரியாகவே பெருக்கிக் கொடுத்தது. போட்டதுதான் தப்பு.

ஆசிரிய நண்பர்களே, வகுப்புக்கு ஒரு டேப் கொண்டுபோங்கள். அங்குலம் ஒரு ஓரம், சென்டிமீட்டர் மறு ஓரம். பிள்ளைகளே தொட்டுப் பார்த்து நூலை எண்ணட்டும். பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: 0.5 பெரிதா, 0.125 பெரிதா? விடை வந்ததும் விட்டுவிடாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.