ஏணி யாருடையது? அமெரிக்க பேஸ்பாலும் 'உயர்வு' என்னும் சொல்லும்

2025 மார்ச் மாதத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்திலிருந்து ஒரு பக்கம் காணாமற்போனது. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனின் இராணுவப் பணியைப் பற்றிய பக்கம் அது. 1944இல் இராணுவப் பேருந்தொன்றின் பின்வரிசைக்குப் போக மறுத்ததற்காக இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டவர் ராபின்சன். கண்டனம் எழுந்ததும் பக்கம் திரும்ப வைக்கப்பட்டது. அதே மாதத்தில் மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகமும் தன் வேலைவாய்ப்புப் பக்கத்திலிருந்து 'பன்முகத்தன்மை' குறித்த சொற்களை ஓசையின்றி அகற்றிக்கொண்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று தன் வீரர்கள் அனைவருக்கும் ராபின்சனின் 42ஆம் எண் சட்டையை அணிவித்து விழா எடுப்பதும் இதே நிர்வாகம்தான்.

அந்த விழாவில் ஒவ்வோராண்டும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. மைனர் லீக்கில் ஓராண்டு தன்னை நிரூபித்த கறுப்பின இளைஞர் ஒருவர், திறமையால் மேஜர் லீக்குக்கு உயர்ந்தார் என்பதே அது. ஒடுக்கப்பட்டோர் அரசியலில் நிற்கும் நாம் இந்த 'உயர்ந்தார்' என்ற சொல்லில் சற்று நின்று பார்க்க வேண்டும்.

பேஸ்பாலின் அமைப்பை அறியாதோருக்குச் சிறு விளக்கம். மேஜர் லீக்கில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணிக்கும் கீழே நான்கு படிநிலைகளில் நான்கு மைனர் லீக் அணிகள். ஆக மொத்தம் 120. அவற்றுக்கும் கீழே புளோரிடா, அரிசோனா மாநிலங்களிலும் டொமினிகன் குடியரசிலும் தொடக்கநிலைப் பயிற்சி லீக்குகள். வீரர் எந்த மைனர் அணியில் ஆடினாலும் அவருடைய ஒப்பந்தம் மேலேயுள்ள மேஜர் லீக் கழகத்தின் கையில் இருக்கும். எப்போது மேலே அழைப்பது, எப்போது கீழே அனுப்புவது, எப்போது விடுவிப்பது என்பதைக் கழகமே முடிவு செய்யும். 'பண்ணை முறை' என்று அமெரிக்கர்களே இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். விளைவதையும் அறுவடையையும் நினைத்து வைத்த பெயர். நிலம் யாருடையது என்ற கேள்வி அதில் தானாகவே அடங்கியிருக்கிறது.

இந்தப் பண்ணை முறையை 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக வளர்த்தெடுத்தவர் பிராஞ்ச் ரிக்கி. பின்னாளில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவராக இருந்து ராபின்சனை ஒப்பந்தம் செய்தவரும் அவரே. நிறத் தடையை உடைத்தவர் என்று அவரைப் போற்றுவோர், மலிவான உழைப்பைப் பெருமளவில் திரட்டும் ஏற்பாட்டின் சிற்பியும் அவர்தான் என்பதைச் சேர்த்துச் சொல்வது அரிது.

நிறத் தடை இயற்கையாக வந்ததன்று. 1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின வீரர் டொலிடோ அணிக்காக மேஜர் லீக் தரத்தில் ஆடியிருக்கிறார். முந்தைய ஆண்டில் மைனர் லீக்கில் இருந்த அந்த அணி, வாக்கரோடு சேர்ந்தே மேலே வந்தது. 1887 ஜூலை 14 அன்று இன்டர்நேஷனல் லீக்கின் நிர்வாகிகள் கூடி, இனிக் கறுப்பின வீரர்களோடு புதிய ஒப்பந்தங்களை ஏற்பதில்லை என்று வாக்களித்தனர். மற்ற லீக்குகளில் வாக்கெடுப்புக்கூடத் தேவைப்படவில்லை. வெள்ளைக் கனவான்களின் எழுதப்படாத உடன்பாடே போதுமானதாக இருந்தது. எழுதப்படாத விதிக்கு எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளைக்கும் எழுத்தில் விதி கிடையாது.

வெளியே தள்ளப்பட்டவர்கள் வெறுமனே காத்திருக்கவில்லை. 'நீக்ரோ லீக்குகள்' என்று அன்று அழைக்கப்பட்ட தங்களுக்கான லீக்குகளை அமைத்து, தங்கள் அணிகளையும் நட்சத்திரங்களையும் உருவாக்கிக்கொண்டார்கள். ராபின்சன் 1945இல் ஆடியது அத்தகைய ஓர் அணியில்தான்: கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ். அந்த ஆண்டு அக்டோபரில் ரிக்கி அவரை டாட்ஜர்ஸின் பண்ணை அணியான மான்ட்ரியல் ராயல்ஸில் சேர்த்தார். ராபின்சனுக்கு 3,500 டாலர் முன்பணமும் மாதம் 600 டாலர் ஊதியமும் கிடைத்தன. மோனார்க்ஸ் அணிக்கு ரிக்கி ஒரு டாலரும் தரவில்லை. கறுப்பினத்தாரின் லீக் ஒப்பந்தங்களை ஒப்பந்தங்களாகவே அவர் மதிக்கவில்லை.

1946 வசந்தகாலப் பயிற்சியின்போது புளோரிடாவின் சான்ஃபோர்டு நகரிலிருந்து ராபின்சன் வெளியேற்றப்பட்டார். ஜாக்சன்வில்லில் அவர் ஆடக்கூடாது என்பதற்காக மைதானமே பூட்டப்பட்டது. ஏப்ரல் 18 அன்று ஜெர்சி சிட்டியில் தம் முதல் மைனர் லீக் ஆட்டத்தில் ஐந்து முறை மட்டை பிடித்து நான்கு முறை அடித்தார். அவற்றுள் ஒன்று மூன்று ஓட்டங்களைத் தந்த ஹோம் ரன். அந்த ஆண்டு .349 என்ற சராசரியோடு லீக்கின் தலைசிறந்த மட்டையாளரானார். லீக்கின் பெயர்: இன்டர்நேஷனல் லீக். 1887இல் கதவை அடைத்த லீக்கின் அதே பெயர். (அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ. இ. பி. டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வில் கறுப்பின மக்கள் அளிக்கும் மனுவின் நகலைக் கேட்டதும் இதே 1946இல்தான்.)

இப்போது 'உயர்வு' என்ற சொல்லுக்குத் திரும்புவோம். 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகள் மேஜர் லீக் தகுதியுடையவையே என்று 2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம் அறிவித்தது. 2024 மே மாதத்தில் அந்த லீக்குகளில் ஆடிய 2,300க்கும் மேற்பட்ட வீரர்களின் புள்ளிவிவரங்கள் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. ஜோஷ் கிப்சனின் .372 வாழ்நாள் சராசரி, டை காபின் சாதனையைப் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பெற்றது. 1947 ஜனவரியில், ராபின்சன் புரூக்ளினில் களமிறங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, 35 வயதில் இறந்துபோனவர் கிப்சன்.

இந்த அறிவிப்பின் தருக்கத்தை இறுதிவரை நடத்திப் பார்த்தால் விழாக் கதை தலைகீழாகிவிடுகிறது. 1945இல் மோனார்க்ஸ் அணிக்கு ஆடிய ராபின்சன் அப்போதே மேஜர் லீக் வீரர். 1946இல் அவர் மைனர் லீக்குக்கு இறக்கப்பட்டார். வில்லி மேஸின் கதையும் இதுவே. 1948இல் பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ் அணிக்காக அவர் அடித்த பத்து அடிகள் இப்போது மேஜர் லீக் கணக்கில் சேர்ந்துவிட்டன. ஆனால் 1950இலும் 1951இலும் அவர் டிரென்டன், மினியாபொலிஸ் நகரங்களின் மைனர் லீக் அணிகளில் பயிற்சியாளைப்போல் ஆட வேண்டியிருந்தது. சமமானவர்களைத் தொடக்கநிலை மாணவர்களாக்கித் தேர்வெழுத வைத்துவிட்டு, தேர்ச்சி பெற்றவர்களைத் தாங்களே உயர்த்தியதாகச் சொல்லிக்கொண்டார்கள் என்பதே பதிவேடு இன்று காட்டும் உண்மை. நிர்வாகம் இதை ஒருபோதும் இப்படிச் சொல்லாது.

தேர்வில் தேறியும் அழைக்கப்படாதவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. ரே டாண்ட்ரிட்ஜ் நீக்ரோ லீக்குகளிலும் மெக்சிகோவிலும் பேரெடுத்த மூன்றாம் பேஸ் தடுப்பாளர். 1949இல், 35 வயதில், நியூயார்க் ஜயன்ட்ஸின் பண்ணை அணியான மினியாபொலிஸ் மில்லர்ஸில் சேர்ந்தார். அந்த ஆண்டு அவருடைய சராசரி .362. மறு ஆண்டு அந்த லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருது அவருக்கே. 1951இல் அதே அணியில் 35 ஆட்டங்களில் .477 அடித்த இளைஞர் மேஸ் மேலே அழைக்கப்பட்டபோது, ஜயன்ட்ஸ் உரிமையாளர் மினியாபொலிஸ் நாளேடுகளில் விளம்பரம் வெளியிட்டு அந்நகர ரசிகர்களிடம் வருத்தம் தெரிவித்தார். டாண்ட்ரிட்ஜுக்கு அழைப்பு வரவே இல்லை. மேஜர் லீக் அணியொன்றில் எத்தனை கறுப்பினத்தவர் இருக்கலாம் என்பதற்குச் சொல்லப்படாத வரம்பு நிலவிய காலம் அது. 1987இல் பெருமைமிகு வீரர் கூடத்தில் அவரைச் சேர்த்தார்கள்.

நியூயார்க் யாங்கீஸ் இன்னும் துணிச்சலாக நடந்துகொண்டது. புவேர்ட்டோ ரிக்கோவின் கறுப்பின வீரரான விக் பவர், அவ்வணியின் உயர்நிலைப் பண்ணை அணியில் 1953இல் .349 அடித்து லீக்கிலேயே முதலிடம் பெற்றார். அவருடைய தடுப்பாட்டம் போதாது என்று சொல்லி, மேலே அழைக்காமலேயே வேறோர் அணிக்குக் கைமாற்றிவிட்டது கழகம். தடுப்பாட்டம் போதாது என்று தள்ளப்பட்ட அதே மனிதர் பின்னர் சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதை 1958 முதல் 1964 வரை தொடர்ந்து ஏழாண்டுகள் வென்றார். பல்கலைக்கழக நேர்காணல்களில் 'தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை' என்று எழுதி இட ஒதுக்கீட்டுப் பணியிடங்களைக் காலியாகவே விட்டுவைக்கும் வழக்கத்தை அறிந்த மாணவர்களுக்கு விக் பவரின் கதையை விளக்க வேண்டிய அவசியமில்லை.

இன்னொரு பெயர், கர்ட் ஃப்ளட். பதினெட்டு வயதில் தெற்கு மாநிலங்களின் மைனர் லீக்குகளில் ஆடியபோது வெள்ளைச் சக வீரர்களோடு ஒரே உணவகத்தில் அமர முடியாதவராக இருந்தார். 1969இல் செயின்ட் லூயிஸ் அவரைப் பிலடெல்பியாவுக்குக் கைமாற்றியபோது, தாம் விற்கவும் வாங்கவும் கூடிய சரக்கல்ல என்று மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து பேஸ்பாலுக்கு 1922இல் அளிக்கப்பட்ட விலக்கு தப்பித்துக்கொண்டது. ஃப்ளட் 1997இல் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டு, மேஜர் லீக் வீரர்களின் பணி நிலைமைகளைப் பொறுத்தவரை அந்த விலக்கு நீக்கப்பட்டது. மைனர் லீக் வீரர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அதிலேயே வெளிப்படையாக எழுதியும் வைத்தார்கள்.

கீழ்ப்படியில் நிற்பவர்களைச் சட்டத்தின் பெயராலேயே வெளியே நிறுத்தும் இப்போக்கு அத்தோடு நிற்கவில்லை. குறைந்தபட்ச ஊதியம் கேட்டு மைனர் லீக் வீரர்கள் 2014இல் வழக்குத் தொடுத்தனர். 2018 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இரண்டாயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட நிதி ஒதுக்கீட்டு மசோதாவின் உள்ளே 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காக்கும் சட்டம்' என்ற பெயரில் ஒரு பகுதி நுழைக்கப்பட்டது. வீரர் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் வாரத்துக்கு 40 மணி நேரக் குறைந்தபட்ச ஊதியம் போதும். பயிற்சிக் காலத்துக்கு ஊதியமே வேண்டாம் என்றது அது. கழகங்கள் அந்தச் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் பணம் செலவழித்து ஆதரவு திரட்டியிருந்தன.

2022இல் உயர்நிலை மைனர் லீக் வீரரின் குறைந்தபட்ச ஆண்டூதியம் 17,500 டாலர். தொடக்கநிலையில் 4,800 டாலர். அதே ஆண்டில் மேஜர் லீக்கின் குறைந்தபட்சம் 7,00,000 டாலர். ஒரே சட்டையின் இரு பக்கங்கள்! அந்த ஆண்டுதான் நிலைமை மாறத் தொடங்கியது. கழகங்கள் 18.5 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டன. செப்டம்பரில் மைனர் லீக் வீரர்கள் மேஜர் லீக் வீரர்களின் சங்கத்திலேயே இணைந்தனர். 2023இல் கையெழுத்தான முதல் கூட்டு ஒப்பந்தம் உயர்நிலை ஊதியத்தை 35,800 டாலராகவும் தொடக்கநிலை ஊதியத்தை 19,800 டாலராகவும் ஆக்கியது. நூறாண்டுக் கருணை தராததை ஏழு மாதச் சங்கம் வாங்கித் தந்தது.

ஆனால் ஏணியின் அடியிலேயே ஆள் குறைந்துவிட்ட பின் வந்த மாற்றம் இது. 1981இல் மேஜர் லீக் வீரர்களில் 18.7 விழுக்காடாக இருந்த கறுப்பின அமெரிக்கர்கள் 2024 தொடக்கத்தில் 6 விழுக்காடு, 2025இல் 6.2. கறுப்பின இளைஞர்கள் கூடைப்பந்தை விரும்புகிறார்கள் என்று இதற்கு எளிதான விளக்கம் ஒன்று சொல்வார்கள். விருப்பத்துக்குப் பின்னால் உள்ள பணத்தைப் பார்க்க வேண்டும். சிறுவர்களுக்கான பயண அணிகளுக்குப் பெற்றோர் கட்டணம் செலுத்த வேண்டும். ஒரு கல்லூரி பேஸ்பால் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைகள்தாம் என்ற வரம்பு 2025 வரை நீடித்தது; அமெரிக்கக் கால்பந்துக்கு அது 85. வீரர் தேர்வுச் சுற்றுகள் 40இலிருந்து 20ஆகச் சுருக்கப்பட்டன. 2021இல் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களின் அணிகள் மைனர் லீக் அமைப்பிலிருந்தே நீக்கப்பட்டன. வறுமையில் சில ஆண்டுகள் காத்திருக்கக் கூடியவருக்கு மட்டும் திறந்திருக்கும் கதவில் நிறத்தின் பெயரை எழுதி வைக்க வேண்டியதில்லை.

காலியான இடங்களில் ஒரு பகுதியைக் கரீபியன் சிறுவர்கள் நிரப்புகிறார்கள். மேஜர் லீக்கில் இன்று சுமார் நூறு வீரர்கள் டொமினிகன் குடியரசைச் சேர்ந்தவர்கள். பதினாறு வயதில் ஒப்பந்தமாகும் இச்சிறுவர்களில் பலர், கழகங்கள் அங்கே நடத்தும் கோடைக்கால லீக்கில் ஆடத் தொடங்குகிறார்கள். அந்த லீக்கில் ஆடுவோர் 2023 ஒப்பந்தத்தின் வரம்புக்குள் வரமாட்டார்கள். மேலே குறிப்பிட்ட ஊதிய உயர்வு எதுவும் அவர்களைச் சேராது. மைனர் லீக் ஒப்பந்தம் 2027 ஆட்டப்பருவத்தோடு முடிகிறது. மேஜர் லீக் வீரர்களின் ஒப்பந்தம் அதற்கு முன்பே, 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. டொமினிகன் லீக்கில் ஆடும் சிறுவர்களுக்காகப் பேரம் பேசும் உரிமை இந்த இரண்டு ஒப்பந்தங்களின்படியும் எவருக்கும் தரப்படவில்லை.