இன்னைக்கு யார் பாடு?

லேவண்டர் தைலம் வடிச்சுட்டு, சாயங்காலம் கிட்டார் வாசிக்கிற பண்ணை வாழ்க்கையை வீடியோவில் பார்த்துப் பெருமூச்சு விடுறீங்களா? கும்மிடிப்பூண்டி பக்கம் சுண்ணாம்புக்குளம் போங்க. கண்ணெதிரே பழவேற்காடு ஏரி! சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் 2-வது பெரிய உப்புநீர் ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வரும்.

ஆனால், நிஜமான சுகம் வேற. இந்த ஏரியின் முகத்துவாரம் பக்கம் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் மாதிரி ஊர்களில் 'பாடு'ன்னு ஒரு பழைய வழக்கம். இறால் நல்லா விழுற இடத்தில் இன்னைக்கு யார் வலை கட்டணும்னு ஊரே முறை வெச்சுக்கும். உங்க முறை இல்லாத ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். பகலில் வலையைச் சீர் பார்க்கலாம், அரட்டை அடிக்கலாம். இடம் பறிபோயிடுமோங்கிற பயமே வேண்டாம்!

எல்லாருக்கும் இந்தச் சுகம் கிடைச்சுதா? அதுதான் இல்லை. தண்ணியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களுக்குப் பாட்டில் பங்கு இல்லை. முகத்துவாரத்தை மணல் மூடினா, கடல் தண்ணியும் வராது, இறாலும் வராது. அப்புறம் யார் முறை வந்து என்ன பிரயோஜனம்?

ஹாஸ்டலில் ஒரே சார்ஜிங் பாயின்ட்டுக்கு நாலு பேர் அடிச்சுக்கறீங்களே... ஒரு பாடு போட்டுப் பாருங்க. ஆனா ஒருத்தரையும் விட்டுடாதீங்க!