கறுப்புப் பொருக்கை யார் தேடுவது?

சின்னம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது ஒரு கார்த்திகை மாதத்தில். கண்மாய்க் கரையில் கருவேல முள் வெட்டி, விறகுக் கட்டைத் தலையில் சுமந்து வந்த பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ இருக்கும். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி. மூன்றாம் நாள் இன்னொரு ஊசி. டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்று சீட்டு வந்தது. எட்டாம் நாள் மூச்சு வாங்கியபோது பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே பயிற்சி டாக்டர் அம்மா ஒருவர் திரையை இழுத்து மறைத்துவிட்டு அக்குள், மார்புக்கு அடி, தொடை இடுக்கு என்று ஒவ்வொன்றாகத் தேடினார். சேலைக் கொசுவத்துக்குக் கீழே சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு. "இதை யாருமே பாக்கலையா?" என்றார். பார்க்கவில்லை. முதலில் பார்த்த டாக்டர் சின்னம்மாவின் கையைக்கூடத் தொடவில்லை.

நோயின் பெயர் ஸ்க்ரப் டைபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். மாட்டுக் காதில் தொங்கும் உண்ணி அல்ல இது. அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. கண்ணுக்கே தெரியாத குஞ்சுப் பருவத்தில், எலி நடமாடும் புதரிலும் புல்லிலும் காத்திருந்து மனிதர்மேல் ஏறும். கடித்தது தெரியாது, வலிக்காது. ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு சிலருக்கு வரும், சிலருக்கு வராது. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போய்விடும்.

இது புது நோயும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் சிப்பாய்களைச் சாய்த்தது. பிறகு மறந்துபோனோம். 2001-02 குளிர்மாதங்களில் வேலூர்ப் பக்கம் மீண்டும் தலைகாட்டியது. 2020 முதல் 2022 வரை வேலூர் சிஎம்சியும் லண்டன் ஆய்வாளர்களும் வடமாவட்டங்களின் 37 கிராமங்களில் 30,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட பத்தில் ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றுகிறது என்று தெரிந்தது. பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை. வந்தவர்களில் சிலர் இறந்தும் போனார்கள்.

நிஜமான உண்ணி பரப்பும் நோயும் பக்கத்து மாநிலங்களில் இருக்கிறது. 1957-ல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பிறகு மனிதர்களுக்குக் காய்ச்சல் கண்டது. 2012-ல் பந்திப்பூர், 2015-ல் வயநாடு என்று தெற்கே இறங்கி வந்தது. வயநாட்டில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் காட்டுக்குள் போய்ப் பிழைக்கும் ஆதிவாசிகள். பூச்சிக்குச் சாதி தெரியாது. புதருக்குள் யாரை அனுப்புவது என்று ஊருக்குத் தெரியும்.

அவனியாபுரத்தையே பாருங்கள். 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தோம். மதுரையின் குப்பை வெள்ளைக்கல்லுக்கு வருகிறது. குப்பை இருந்தால் எலி, எலி இருந்தால் இந்தப் பூச்சி. கண்மாயை ஒட்டிய சீமைக் கருவேலம் காலனி வீட்டுக் கொல்லை வரை நிற்கிறது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவேலத்தை அகற்றச் சொன்னது. நல்ல உத்தரவுதான். ஆனால் குனிந்து வெட்டிய கைகளில் எத்தனைக்குக் கையுறை கிடைத்தது? பெருங்குடி, வலையங்குளம் பக்கம் நூறு நாள் வேலையில் கரை செதுக்கும் பெண்களின் கால்களைப் பாருங்கள், ரப்பர் செருப்புத்தான். சாக்கடைப் புல்லைப் பிடுங்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கும் அதே கதி.

இதில் எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். டெங்குவுக்குத் தனி மருந்து கிடையாது. இதற்கு உண்டு: டாக்சிசைக்ளின், சில ரூபாய் மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். நேரத்தோடு கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். வழக்கமாகப் போடும் பென்சிலின் வகை ஊசிகள் இந்தக் கிருமியிடம் செல்லாது. ஆக, சின்னம்மாவுக்குப் போன அந்த எட்டு நாள் மருந்து இல்லாமல் போனதல்ல. உடம்பைப் பார்க்க ஆள் இல்லாமல் போனது. காலனிப் பெண்ணின் உடம்பைத் தள்ளி நின்றே பார்த்துச் சீட்டு எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. தைப் பொங்கலன்று எங்கள் ஊர் வாடிவாசலில் ஒவ்வொரு காளையையும் கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார். தொட்டுப் பார்ப்பதன் அருமை தெரியாத ஊர் அல்ல இது.

ஐப்பசி முதல் மாசி வரை ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலுக்கு உண்ணிக் காய்ச்சல் பரிசோதனையும் கட்டாயம் நடக்க வேண்டும். பெண்களைப் பரிசோதிக்க மறைவான இடமும் ஒரு செவிலியரும் வேண்டும். புதர் வெட்டும் வேலைக்கு பூட்சும் கையுறையும் கூலியோடு சேர்ந்த உரிமை. காலனியை ஒட்டிய புதரை மாநகராட்சி இயந்திரம் வைத்து அழிக்கட்டும்.

மாணவர்களுக்கு ஒன்று. அம்மாவையோ அப்பத்தாவையோ காய்ச்சலோடு அழைத்துப் போனால், எந்தப் புதரில், எத்தனை நாளுக்கு முன் வேலை பார்த்தார்கள் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். வீட்டிலேயே உடம்பைத் தேடிப் பாருங்கள். பொருக்கு இருந்தால் வெட்கப்படாமல் காட்டச் சொல்லுங்கள்.

சின்னம்மா பிழைத்துக்கொண்டார். பொங்கல் கழிந்து மறுபடியும் விறகுக்குப் போகத் தொடங்கிவிட்டார். தம்பியின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் போகிறார். காலுக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.