8080உம் நம் பிள்ளைகளின் புள்ளிகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. கணினி விஷயம்தானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். நம்மூர் மக்கள் பாடசாலைக்குக் கொடுக்கின்ற பணமும், நம் பிள்ளைகளின் தவணைப் பரீட்சைப் புள்ளிகளும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

எங்கள் பாடசாலையில் புள்ளிகளைப் பதிவதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. பழைய மாணவர் ஒருவர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் காலத்தில் ஜாவாவில் எழுதி, ஒரு சதமும் வாங்காமல் தந்தது. கணினிக் கூடத்தின் மூலையில் உள்ள ஒரு கணினியில், டொம்கெட் என்ற ஜாவா சேர்வரில் அது ஓடுகிறது. அதே கணினியில் அப்பாச்சி என்ற வெப் சேர்வரும் இருக்கிறது. அறிவித்தல்கள், நேரசூசி எல்லாம் அதில்தான்.

அறிவித்தல் பார்க்கக் கணினியின் முகவரியை மட்டும் அடித்தால் போதும். புள்ளி பதிவதற்கோ முகவரிக்குப் பின்னால் இரண்டு புள்ளி வைத்து 8080 என்றும் அடிக்க வேண்டும். அந்த எண்ணை மறந்தால் அறிவித்தல் பக்கம்தான் வரும். உடனே, "சேர், சிஸ்டம் வேலை செய்யல்ல" என்று சொல்லிவிட்டுப் பழையபடி தாளில் எழுதத் தொடங்கிவிடுவார்கள். தவணை முடிவில் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு இரவிரவாகக் கூட்டிக் கழிப்பது வகுப்பாசிரியைகள்தான்.

அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இந்தக் கதை வந்தது. "இது சரிவராது, கம்பனியொன்றிடம் புதிதாகச் செய்விப்போம்" என்றார் ஒருவர். இலட்சக் கணக்கில் செலவு. கொடுக்க ஆட்களும் தயார். நல்ல மனதோடுதான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என்ன பழுது என்று ஒருவரும் கேட்கவில்லை. மென்பொருளில் பழுதே இருக்கவில்லை. இரண்டு சேர்வர்களையும் ஒருவரும் இணைத்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கணினி தெரியாதவர்களுக்காக ஒரு சாப்பாட்டுக் கடையை வைத்துச் சொல்கிறேன். முன்னால் கவுண்டரில் ஒருவர் நிற்கிறார். பிளேன்டீ, வடை கேட்டால் அவரே எடுத்துத் தருவார். கொத்து ரொட்டி கேட்டால் உள்ளே குசினிக்குச் சொல்லி, வந்ததும் உங்களிடம் தருவார். நீங்கள் குசினிக்குள் போவதில்லை. அப்பாச்சிதான் அந்தக் கவுண்டர். டொம்கெட்தான் குசினி. எங்கள் பாடசாலையில் கவுண்டர்காரருக்குக் குசினி இருப்பதே தெரியாது. கொத்து வேண்டுமென்றால் ஆசிரியர்கள் பின்கதவைத் தேடிப் போக வேண்டும். அந்தப் பின்கதவின் இலக்கம்தான் 8080.

கூட்டம் முடிந்த மறுநாள் பின்னேரம் உயர்தர மாணவர்கள் இருவரோடு உட்கார்ந்தேன். அப்பாச்சியில் இதற்கான ப்ராக்ஸி பகுதி ஏற்கெனவே கூடவே வருகிறது. அதை இயக்கிவிட்டு, அமைப்புக் கோப்பில் இரண்டு வரி சேர்த்தோம். ப்ராக்ஸிபாஸ் என்ற வரி, இந்தப் பெயரில் வருகின்ற கோரிக்கையை 8080இல் உள்ள டொம்கெட்டுக்கு அனுப்பு என்கிறது. ப்ராக்ஸிபாஸ்ரிவேர்ஸ் என்ற வரி, டொம்கெட் திருப்பியனுப்பும் முகவரிகளை வெளியே உள்ளவருக்குப் பொருந்துமாறு மாற்றச் சொல்கிறது.

முதலில் இரண்டாவது வரியை விட்டுவிட்டோம். கடவுச்சொல் அடித்தவுடன் பக்கம் 8080க்கே பாய்ந்து, திறக்காமல் நின்றது. அந்த வரியைப் போட்டதும் சரி. பிறகு வெளியே ஒரு பெயர், உள்ளே வேறு பெயர் என்று வைத்துப் பார்த்தோம். கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவுப் பக்கமே திரும்பத் திரும்ப வந்தது. டொம்கெட் கொடுக்கின்ற குக்கி உள்ளே இருக்கும் பெயருக்கு மட்டுமே செல்லும். வெளிப் பெயர் வேறாக இருந்தால் உலாவி அதைத் திருப்பி அனுப்பாது. இரண்டு பக்கமும் ஒரே பெயரை வைத்தோம், தீர்ந்தது. மஹ்ரிபுக்கு முன் வேலை முடிந்துவிட்டது. செலவு, மூவருக்கும் குடித்த தேநீர்.

இதோடு நின்றிருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். வேலை நடக்கும்போது ஒரு மாணவன் பக்கத்து மேசைக் கணினியிலிருந்து டொம்கெட்டின் மனேஜர் பக்கத்தைத் திறந்து காட்டினான். கடவுச்சொல்லை எவரும் இரண்டாவது முயற்சியில் ஊகித்துவிடலாம். அந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு மென்பொருளை நிறுத்தலாம், அகற்றலாம், அந்த இடத்தில் வேறொன்றை ஏற்றலாம். கணினிக் கூடத்துக்கு வருகின்ற எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கதவு இவ்வளவு நாளும் திறந்தே கிடந்திருக்கிறது. அதுவும் டொம்கெட் 7. 2021 மார்ச்சுடன் அதற்கான திருத்தங்களே நின்றுவிட்டன.

எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு பிள்ளையின் புள்ளியை யாராவது மாற்றியிருந்தால் எதை வைத்து நிரூபிப்பது?

இது கற்பனைப் பயமில்லை. டொம்கெட்டும் அப்பாச்சியும் பேசிக்கொள்ள ஏஜேபி என்ற இன்னொரு வழியும் இருக்கிறது. அதன் போர்ட் 8009. முன்பெல்லாம் டொம்கெட்டை நிறுவியவுடனேயே அது திறந்திருக்கும். 2020 பெப்ரவரியில் அதில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. கோஸ்ட்கெட் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் போர்ட்டை எட்டக்கூடிய எவரும் மென்பொருளின் உள்ளே இருக்கும் கோப்புகளை வாசித்துவிடலாம். 9.0.31, 8.5.51, 7.0.100 ஆகிய பதிப்புகளில்தான் திருத்தினார்கள். அதற்குப் பிறகு அந்த வழியை மூடி வைத்தே தருகிறார்கள். எங்களுடைய கணினியில் அது திறந்திருந்தது. ஒருவரும் அதைப் பயன்படுத்தவில்லை, ஆனால் திறந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை முழு நாளும் இதற்கே போனது. முதலில் எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து வைத்தோம். டொம்கெட் 9க்கு மாறினோம். 10க்குப் போனால் ஜாவா பொதிகளின் பெயர்கள் மாறிவிட்டதால் பழைய மென்பொருள் அப்படியே ஓடாது. ஏஜேபியை மூடினோம். 8080ஐ 127.0.0.1 என்ற முகவரிக்கு மட்டும் கட்டினோம், அதாவது அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டுமே அந்தக் கதவைத் தட்டலாம். அப்பாச்சி வழியாகப் புள்ளி மென்பொருளுக்கு மட்டும் பாதை விட்டோம். எல்லாவற்றையும் உள்ளே அனுப்பு என்று போட்டிருந்தால் மனேஜர் பக்கமும் சேர்ந்து வெளியே வந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனித்தோம். இணைத்த பிறகு டொம்கெட்டின் பதிவேட்டில் எல்லாரும் ஒரே முகவரியிலிருந்து வருவதுபோல் தெரிந்தது. குசினிக்குத் தெரிவது கவுண்டர்காரரின் முகம் மட்டும்தானே. வந்தவரின் உண்மையான முகவரியை அப்பாச்சி கூடவே அனுப்புகிறது. அதை வாசிக்கும்படி டொம்கெட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும். எந்தக் கணினியிலிருந்து எப்போது நுழைந்தார்கள் என்பது இப்போது பதிவாகிறது.

"டொம்கெட்டையே நேராக முன்னால் வைத்தால் என்ன, இடையில் எதற்கு இன்னொன்று?" என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. டொம்கெட் தானே ஒரு வெப் சேர்வராகவும் வேலை செய்யும். ஒரே ஒரு மென்பொருள், வேறு பக்கங்கள் இல்லை என்றால் அது போதும். எங்களிடம் இரண்டு இருக்கின்றன, நாளை நூலகத்துக்கும் ஒன்று வரலாம். எல்லாவற்றுக்கும் ஒரே வாசல், ஒரே காவல் இருப்பது நல்லது. எச்டிடிபிஎஸ் பூட்டையும் அந்த ஒரு வாசலில் போட்டால் போதும். அது இன்னும் போடவில்லை, அடுத்த வேலை அதுதான்.

என் கருத்து இதுதான். நம்மூரில் கட்டடத்துக்குக் கொடுக்கிறோம், கணினிக்குக் கொடுக்கிறோம், பெயர்ப்பலகையும் வைக்கிறோம். அந்தக் கணினிக்குள் எது எதோடு இணைந்திருக்கிறது என்று தெரிந்த ஒருவரை உருவாக்கக் கொடுப்பதில்லை. புதிதாக ஒன்றை வாங்கியிருந்தாலும் இதே மூலையில், இதே இலகுவான கடவுச்சொல்லோடு, இதேபோல்தான் கிடந்திருக்கும். இரண்டு வருடத்தில் அதையும் "வேலை செய்யல்ல" என்றிருப்போம்.

நம்மால் முடியாது என்று யாராவது சொன்னால் ஒன்றை நினைவூட்டுங்கள். அப்பாச்சி அமைப்பின் அக்சிஸ்2 என்ற ஜாவா மென்பொருளை உருவாக்கியதில் பெரும் பங்கு இலங்கை இளைஞர்களுடையது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலைகளுக்காக சஹானா என்ற மென்பொருளை எழுதியதும் இந்த நாட்டுத் தொண்டர்கள்தான். நாங்கள் செய்தது அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. சில வரிகள்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, எந்த மென்பொருளுக்கும் பணம் சேர்க்க முன் என்ன பழுது என்று ஒரு நாள் பார்க்க விடுங்கள். இரண்டு, உங்கள் பாடசாலையில், சங்கத்தில் இப்படி ஏதாவது ஓடினால் வேறொரு கணினியிலிருந்து முகவரியோடு 8080 அடித்துப் பாருங்கள். திறந்தால் பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். மூன்று, செய்ததை எழுதி வையுங்கள். நாங்கள் ஒரு கொப்பியில் தமிழில் எழுதி அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். 503 என்று வந்தால் கவுண்டர் திறந்திருக்கிறது, குசினி மூடியிருக்கிறது, டொம்கெட்டை இயக்க வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் முதலில் அப்பாச்சியையும் வயரையும் பார்க்க வேண்டும். அந்தக் கொப்பியைப் பார்த்து எழுதுவினைஞரே போன வாரம் ஒருமுறை சரிசெய்துவிட்டார். என்னைக் கூப்பிடவே இல்லை.

அந்த மாணவர்கள் இருவரும் அடுத்த வருடம் பாடசாலையை விட்டுப் போய்விடுவார்கள். கொப்பி இருக்கும். இப்போது தரம் 12இல் இருக்கும் இரண்டு பிள்ளைகளை அவர்களோடு உட்கார வைத்திருக்கிறேன். கம்பனிக்குக் கொடுக்க இருந்த பணத்தில் ஒரு சிறு பகுதி, அந்தக் கணினிக்கு ஒரு யூபிஎஸ்ஸும் பிரதி எடுத்து வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கப் போதும். சங்கத்தில் உள்ளவர்கள் வாசித்தால், அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவோம்.